கிலேட்: கவ்வினால் போதுமா, கரையாமலும் இருக்க வேண்டுமா?

கிரேக்கத்தில் 'கேலே' என்றால் நண்டின் கொடுக்கு. ஒரே மூலக்கூறு இரண்டு மூன்று முனைகளால் ஓர் உலோக அயனியைக் கவ்விக்கொள்வதைக் குறிக்க, 1920இல் மார்கன், ட்ரூ என்ற வேதியியலாளர்கள் அதிலிருந்து 'கிலேட்' என்ற சொல்லை ஆக்கினார்கள். தமிழில் கொடுக்கிணைப்பு. கொடுக்கு என்றதும் தேள்தான் நினைவுக்கு வரும். இங்கே கொட்டுவதைப் பார்க்காமல் நண்டு கவ்வுவதைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சொல்லை ஜப்பானியர் 'கிரேட்டோ' என்பார்கள். ஜப்பானின் குப்பை எரியாலைகளில் 'கிரேட்டோ' என்றால் சாம்பலில் கலக்கும் ஒரு திரவ மருந்து. புகையிலுள்ள அமில வாயுவை அடக்க நீற்றுச் சுண்ணாம்பு தூவுவதால், வடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பலை நீரில் போட்டால் காரத்தன்மை பிஎச் 12ஐத் தாண்டிவிடும். ஈயமோ அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். அந்தச் சாம்பலை அப்படியே புதைத்தால் மழைநீரோடு ஈயம் இறங்கிவிடும்.

அதனால் பிசையும் எந்திரத்தில் சாம்பலின் எடையில் பொதுவாக 2 முதல் 5 சதவீதம் டைதையோகார்பமேட் என்ற கிரேட்டோ மருந்தும், 20 முதல் 30 சதவீதம் நீரும் சேர்த்துப் பிசைகிறார்கள். மருந்திலுள்ள கந்தக அணுக்கள் இரண்டும் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட ஈயம் நீரில் கரையாது. பிறகு சோதனை: ஒரு பங்கு சாம்பலுக்குப் பத்துப் பங்கு நீர், 6 மணி நேரம் குலுக்கல். வடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

தேறாமல் போனால் முதலில் செம்பைச் சந்தேகிக்கலாம். மருந்தை அது ஈயத்துக்கு முன்பே பிடித்துக்கொள்ளும். துத்தநாகமும் பங்குக்கு வரும். சாம்பலின் தன்மை குப்பைக்கேற்ப மாறுவதால், நேற்றைய அளவு இன்றைக்குப் போதாமல் போகலாம். அதற்காக அள்ளி ஊற்றவும் கூடாது. மிஞ்சிய மருந்து புதைகுழியின் கழிவுநீரில் நைட்ரஜன் சுமையாக வந்து சேரும். சூடு ஆறாத சாம்பலிலோ அமிலம் பட்டாலோ சில வகை மருந்துகள் சிதைந்து கார்பன் டைசல்பைடு வெளியேறும். நச்சு வாயு, எளிதில் தீப்பற்றுவதும்கூட. பிப்பரசின் என்ற சேர்மத்திலிருந்து செய்த டைதையோகார்பமேட் வகை இதை நன்றாகத் தாங்கும்.

ஆலைக் கையேட்டை மொழிபெயர்ப்பவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளும் கிலேட்தான், ஈயத்தை இறுகப் பிடிக்கும். ஆனால் பிடித்தபின் நீரில் கரைந்தே இருக்கும். ஈய நஞ்சேறியவர் உடலிலிருந்து சிறுநீர் வழியே ஈயத்தை வெளியேற்ற அது உதவுவது இதனால்தான். அதையே சாம்பலில் சேர்த்தால் ஈயத்தை நிலத்தடி நீர்வரை கொண்டுபோய் விடும். எனவே ஆலைக் கையேட்டில் 'கொடுக்கிணைப்பு மருந்து' என்று மட்டும் எழுதுவது ஆபத்து. 'கரையாக் கொடுக்கிணைப்பு மருந்து' என்று எழுதி, பக்கத்தில் டைதையோகார்பமேட் என்ற பெயரையும் சேர்க்க வேண்டும்.