காணிக்கையை யாரோடு சேர்ந்து எண்ணுகிறீர்கள்?

நான் ஆடிட்டர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகள், மிஷனெரி ட்ரஸ்ட்கள், தனி ஊழியங்கள் ஆகியவற்றின் கணக்கைப் பார்ப்பது என் வேலையில் பெரிய பங்கு. புதிதாக ஊழியம் தொடங்கும் இளைஞர்கள் ட்ரஸ்ட் பதிவு செய்ய வரும்போது, தங்கள் அழைப்பைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். ஒரு வசனம் தன்னோடு பேசியதைச் சொல்வார்கள், ஒரு கூட்டத்தில் தன்னை ஒப்புக்கொடுத்ததைச் சொல்வார்கள், கையில் இருந்த நல்ல வேலையை விட்டு வந்ததைச் சொல்வார்கள். அந்தச் சாட்சிகளை நான் மதிக்கிறேன். பொறுமையாகக் கேட்ட பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி, "காணிக்கையை யார் எண்ணுவாங்க தம்பி?" என்பதுதான்.

பெரும்பாலும் வரும் பதில், "நானும் வீட்டம்மாவும்தான் ஐயா. கர்த்தருக்குத் தெரியாம எதுவும் இல்லையே."

கர்த்தருக்குத் தெரியும், சரி. காணிக்கை போட்ட அந்த விதவைத் தாய்க்குத் தெரிய வேண்டாமா? எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்தபோது அப்போஸ்தலர் பவுல் அதைத் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. தன் உடன் ஊழியனான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களைச் சேர்த்து அனுப்பினார். சபையார் தாங்களே தெரிந்தெடுத்தவர்கள் பணத்தைக் கொண்டுபோகட்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க நாடுகிறோம் என்று காரணமும் சொன்னார். இவ்வளவு பெரிய அப்போஸ்தலர், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று யாரிடமும் கோபிக்கவில்லை.

ஒரு ஊழியருக்கு உள்ள வரங்கள் மேடையில் தெரியும். குணம் தெரிய வேண்டுமானால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். அவருடைய மனைவி பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் தெரியும், மளிகைக் கடைக்காரருக்கு ஒரு பக்கம் தெரியும். எனக்குத் தெரிவது வவுச்சர் கட்டு. முதலாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கிறவருக்கு, வேண்டிய தகுதிகளைப் படித்துப் பாருங்கள். போதக சமர்த்தன் என்று திறமையைப் பற்றி ஒரு சொல் வருகிறது. மற்றவை ஏறக்குறைய எல்லாம் நடத்தையைப் பற்றியவை: பண ஆசை இல்லாதவன், சண்டைக்காரன் அல்லாதவன், தன் வீட்டை நன்றாக நடத்துகிறவன், புறம்பே இருக்கிறவர்களிடத்தில் நற்சாட்சி பெற்றவன். நாம் ஊழியரைத் தேடும்போது இந்தப் பட்டியலைத் தலைகீழாக்கி விடுகிறோம். நன்றாகப் பேசுகிறாரா, நன்றாகப் பாடுகிறாரா என்று பார்த்து முடித்துவிட்டு, மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

கணக்கு கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இரண்டாம் இராஜாக்கள் பன்னிரண்டாம் அதிகாரத்தை ஒரு முறை வாசிக்க வேண்டும். ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி யோவாஸ் ராஜா ஆசாரியர்களிடம் பணப்பொறுப்பைக் கொடுத்தான். அவனுடைய ஆட்சியின் இருபத்துமூன்றாம் வருஷம் வந்தும் பழுது பார்த்தபாடில்லை. பணத்தைத் திருடினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. வேலை நடக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. அப்புறம்தான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தான். பெட்டியில் பணம் சேர்ந்ததும் எண்ணிக் கட்ட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ராஜாவின் சம்பிரதி, அதாவது அரண்மனை எழுத்தன், மற்றவன் பிரதான ஆசாரியன். அரண்மனை ஆள் ஒருவன், ஆலய ஆள் ஒருவன்! ஒருவர் எழுதிய கணக்கை அவரைச் சாராத இன்னொருவர் சரிபார்ப்பதுதான் இன்றைக்கும் என் தொழிலின் அடிப்படை. நல்லவர்களையும் சேர்த்துக் காப்பதற்கான ஏற்பாடு இது. யோய்தாவை விட நல்ல ஆசாரியன் அந்தக் காலத்தில் இல்லை, ஆனாலும் அவன் பெட்டி வைத்தான்.

எங்கள் பக்கத்தில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். சேவல், வாழைத்தார், பூசணிக்காய், ஒரு மூட்டை நெல் என்று ஜனங்கள் கொண்டுவந்து படைப்பார்கள். ஏலம் சூடு பிடிக்கும். இருநூறு ரூபாய் சேவல் ஆயிரத்தைத் தாண்டும். பாதிப் பேர் அப்போதே பணம் கட்டமாட்டார்கள், "அடுத்த வாரம் தர்றேன் ஐயா" என்று சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சபைக் கணக்கில் ஓட்டை விழ இதைவிட வசதியான இடம் கிடையாது. எது வசூலானது, எது நிலுவை என்று ஒரு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு சின்னக் கிராமத்துச் சபையில் உபதேசியார் ஒருவர் இதை எப்படிக் கையாண்டார் என்று பார்த்தேன். கோடு போட்ட சாதாரண நோட்டு. பொருள், ஏலம் எடுத்தவர், தொகை, கட்டிய தேதி என்று நான்கு பத்தி. ஏலம் கூறுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர், பணம் வாங்குகிறவர் மூன்றாவது ஆள். உபதேசியார் மூன்றிலும் இல்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நிலுவை எவ்வளவு என்று மொத்தத் தொகையை மட்டும் அறிவித்தார், யார் பெயரையும் வாசிக்கவில்லை. கடன் வைத்த ஏழை வெட்கப்படக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே ஏலம் எடுத்த ஒரு தேங்காய்க் குலைக்கும் நிலுவை எழுதி, இரண்டு வாரம் கழித்துக் கட்டிய தேதியும் போட்டிருந்தது. அந்த மனிதரின் பிரசங்கத்தை நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது.

இப்போது ஏலத்தை விடப் பெரிய சிக்கல் கியூஆர் கோடு. ஆலயத்தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பல தனிச் சபைகளில் அது ஊழியரின் சொந்த நம்பர். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, வங்கிக் கணக்கு தொடங்க அலைய முடியாமல் இருப்பதைக் கொண்டு சமாளித்திருப்பார். ஆனால் அந்தக் கணக்கில் தசமபாகமும் வரும், தம்பி திருப்பிக் கொடுத்த கைமாற்றும் வரும். அதிலிருந்தே பெட்ரோலும் போகும், மகளின் ஸ்கூல் ஃபீஸும் போகும். வருடக் கடைசியில் எது தேவனுடைய பணம், எது வீட்டுப் பணம் என்று அவராலேயே பிரிக்க முடியாது. வருமானவரித் துறை கேட்டால் வந்தது எல்லாம் அவருடைய வருமானம் போலத்தான் தெரியும். சபையின் பெயரிலோ ட்ரஸ்ட் பெயரிலோ தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து என்று வைத்துக்கொள்ள அதிகச் செலவு ஆகாது. அந்த இரண்டு பேரும் கணவன் மனைவியாக இருக்கக் கூடாது. ட்ரஸ்டிகள் எல்லாரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்கும் பத்திரத்தை எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை, வருகிறவர்களிடம் அதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல், ஊழியத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்கக் கூடாது. 2020-இல் சட்டம் இன்னும் இறுகியது. பதிவு பெற்ற அமைப்புகளும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கு தொடங்கித்தான் பணம் வாங்க வேண்டும். வாங்கியதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. "அவர் என் நண்பர், அன்பளிப்பாக அனுப்புகிறார்" என்று சொல்லிச் சபைக் கட்டடம் கட்டினால் அது அன்பளிப்பு ஆகாது.

நிலம் வேறு விஷயம், இதில்தான் நான் அதிகக் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன். ஜனங்கள் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக்கூடக் கொடுத்த பணத்தில் சபைக்கு இடம் வாங்கப்படும். ட்ரஸ்ட் பதிவு தாமதமாகிறது என்று பத்திரம் ஊழியர் பெயரில் முடிக்கப்படும், "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தப் பிறகு வராமலே ஊழியர் மாரடைப்பில் போய்விடுவார். உயில் இருக்காது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. ஊழியத்தில் விருப்பமில்லாத பிள்ளை தன் பங்கைக் கேட்டால், பத்திரத்தில் பெயரே இல்லாத சபையார் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும். இறந்துபோனவர் நல்லவர்தான் என்று ஊரே சொல்லும். நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. தான் இல்லாத நாளையும் யோசித்து, காகிதத்தை ஒழுங்காக வைத்துவிட்டுப் போகிறவர்தான் மந்தையை நேசித்த மேய்ப்பர்.

தமிழ்நாட்டில் ஊழியம் செய்தவர்களில் இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைப்பது ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரை. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1798-இல் தஞ்சாவூரில் மரிக்கும்வரை திரும்பிப் போகவில்லை. 1779-இல் ஆங்கிலேயக் கம்பெனி அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. கம்பெனிக்காரர்களை நம்பாத ஹைதர், இந்தப் பாதிரியாரை நம்பினார். புறப்படும்போது வழிச்செலவுக்கென்று ஒரு பையில் முந்நூறு ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைத் தன் பணமாக வைத்துக்கொள்ள மனமில்லாமல் சென்னையில் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப் போனார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னதும், தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதல் பணமாக ஒதுக்கிவிட்டார். பிற்பாடு தஞ்சை மன்னர் துளஜாஜி, தன் சுவீகார மகன் சரபோஜியை இவருடைய பாதுகாப்பில் விட்டார். ஒரு அரச வம்சத்துப் பிள்ளையை அந்நிய மதத்துப் பாதிரியாரிடம் ஒப்படைக்கிற அளவு நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல. புறம்பானவர்களிடத்தில் நற்சாட்சி என்று வேதம் சொல்வதற்கு நம் மண்ணில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்து உதாரணம் கேயாசி. தீர்க்கதரிசி எலிசாவின் வேலைக்காரனாகக் கூடவே இருந்தவன், அற்புதங்களைக் கண்ணால் பார்த்தவன். எலிசாவின் சொல்லால் குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் கொடுக்க வந்த காணிக்கையை எலிசா வாங்கவில்லை, கேயாசி அவன் பின்னால் ஓடினான். நாகமானிடம் அவன் தனக்கென்று எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தீர்க்கதரிசிகளின் புத்திரர் இருவர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் வேண்டும் என்றுதான் கேட்டான். ஊழியத்தின் பெயரில் தவறு நுழையும் வாசல் அநேகமாக இப்படித்தான் இருக்கிறது. பிறருக்காக என்று சொல்லி வாங்கியது மெதுவாகத் தன் வீட்டில் தங்கிவிடும். அநாதைப் பிள்ளைகளின் படத்தைக் காட்டிச் சேர்த்த பணம் கார் தவணைக்குப் போன கணக்கையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கில் நான் கையெழுத்துப் போடவில்லை.

இவ்வளவு நேரம் ஊழியர்களைப் பற்றியே பேசினேன். சபையாரிடம் பேச வேண்டியது இன்னும் அதிகம். கிராமங்களில் வேலை செய்யும் ஊழியர்களில் எத்தனையோ பேருக்கு நிலையான சம்பளம் கிடையாது. விசுவாச ஊழியம் என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டு, அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் வேலை இல்லாமல் சபையார் காணிக்கை குறைந்தால், முதலில் குறைவது ஊழியர் வீட்டுச் சாப்பாடுதான். பிள்ளையின் ஃபீஸுக்காகக் காணிக்கைப் பணத்தில் இரண்டாயிரம் எடுத்துவிட்டு, அதைத் திருப்பி வைக்க முடியாமல் ஒரு வருடம் தூக்கமில்லாமல் தவித்த ஊழியர் ஒருவர் என் முன் அழுதிருக்கிறார். எடுத்தது தவறுதான், அவரும் அதை மறைக்கவில்லை. ஆனால் அவருடைய சபையின் கமிட்டியில் இருந்த யாராவது ஒருவர் ஜூன் மாதத்தில், "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சா ஐயா?" என்று கேட்டிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

யூதேயாவின் அதிபதியாக இருந்த நெகேமியா எருசலேமுக்குத் திரும்பி வந்தபோது, ஆலயப் பணி செய்யும் லேவியர்கள் ஆலயத்தில் இல்லை. அவர்களுக்கு உரிய பங்கைக் கொடுக்காததால் பிழைப்புக்காக அவரவர் வயலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். அவன் லேவியர்களைத் திட்டவில்லை. தலைவர்களைக் கூப்பிட்டு, தேவனுடைய ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று அவர்களோடு வழக்காடினான். அப்புறம் உண்மையுள்ளவர்கள் என்று பெயர் பெற்ற நான்கு பேரைப் பொக்கிஷ அறைகளுக்கு வைத்தான். பங்கைக் கொடுக்க வைத்ததும், கணக்குக்கு ஆள் வைத்ததும் அவனுக்கு ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். நாம் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு, முதலாவதை ஜெபத்துக்கு விட்டுவிடுகிறோம்.

அதனால் கமிட்டிகளில் இருக்கிற சகோதர சகோதரிகளிடம் என் வேண்டுகோள் இது. வரும் ஏப்ரலில் பட்ஜெட் போடும்போது ஊழியரின் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள். மருத்துவக் காப்பீட்டையும் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு தொகையையும் அதோடு சேருங்கள். மாதம் பிறந்ததும் அவர் கேட்காமலே அவருடைய வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். காணிக்கை எண்ண, ஒரே வீட்டைச் சேராத மூன்று பேரை வைத்து, எண்ணி முடித்ததும் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்டுங்கள். எண்ணும் மேசைக்கு ஊழியரைக் கூப்பிட வேண்டாம். அந்த நேரத்தில் அவர் ஆலய வாசலில் நின்று, இந்த வாரம் யார் வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துக்கொண்டிருக்கட்டும்.