பாசிவேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

பெரோவ்ஸ்கைட் என்னும் படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலத்தின் பயனுறுதிறன், 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் காட்டிய 3.8 விழுக்காட்டிலிருந்து இன்று 26 விழுக்காட்டைத் தாண்டியிருப்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, அப்பொருளின் பழுதுகளை அடக்கும் பாசிவேஷன் என்னும் செயல்முறை.

சொல்லின் வேர், 'பாடுபடுதல், தாங்குதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினை; நம் செயப்பாட்டுவினையில் வரும் 'படு' அதற்கு மிக நெருக்கமானது. செறிந்த நைட்ரிக் அமிலத்தில் தோய்ந்த இரும்பு மேற்கொண்டு கரையாமல் நிற்பதை 1836-இல் ஆராய்ந்த வேதியியலாளர் ஷோன்பைன், அந்நிலையைப் 'பாசிவ்' என்றார். பிற்காலத்தில் சிலிக்கன் நுட்பத்துக்கும் அச்சொல் வந்து சேர்ந்தது.

நேராகப் பெயர்த்தால் 'செயலற்றதாக்கல்' என்றாகும். இது படிப்பவரை வழிதவறச் செய்யும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் இங்கே கலம் செயலறுவதில்லை, அதிலுள்ள பழுதுகளே அடங்குகின்றன. பெரோவ்ஸ்கைட் படலத்தின் மேற்பரப்பிலும் படிகத்துகள்களின் எல்லைகளிலும் அயோடின் நீங்கிய காலியிடங்களும், பிணைப்பு நிறைவுறாத காரீய அயனிகளும் இருக்கும். ஒளியால் பிரிந்த எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற நேர்மின் இடமாகிய துளையும் அங்கே சிக்கி, மின்சாரமாக வெளியேறாமல் மீண்டும் இணைந்து வெப்பமாய் வீணாகும். பினெத்தில் அம்மோனியம் அயோடைடு போன்ற உப்பை மெல்லிய பூச்சாக இட்டால் அவ்விடங்கள் நிரம்பி, இழப்பு குறைந்து, கலத்தின் மின்னழுத்தம் உயர்கிறது.

இதற்கு ஏற்ற சொல் பழைய வட ஆர்க்காட்டிலேயே புழங்குகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலைப் பதனிடுகிறார்கள்: ஆவாரம்பட்டைச் சாறோ குரோமிய உப்போ தோலின் நார்ப்புரதத்தோடு பிணைந்து, அழுகலுக்கு இடங்கொடாமல் செய்கிறது. (பாலாற்றுக்கு அத்தொழில் இழைத்த கேட்டை வேலூர்க்காரனாகிய நான் மறக்கவில்லை, காரீயத்தைக் கையாளும் புதிய தொழிலும் அதை நினைவில் கொள்ள வேண்டும்.) பொருளின் இயல்பைக் காத்துக்கொண்டே அதன் நலிந்த இடங்களை வேதிப்பிணைப்பால் உறுதிப்படுத்துவது இரண்டிலும் பொது. ஆகவே 'மேற்பரப்புப் பதனிடல்' என்பதே என் பரிந்துரை.

பதம் என்ற சொல்லுக்குள் அளவும் அடங்கியிருக்கிறது. அந்தப் பூச்சு மின்னைக் கடத்தாத பொருளாதலால், தடித்துவிட்டால் எலக்ட்ரான்களின் வழியையே அடைத்துப் பயனுறுதிறனைக் குறைத்துவிடும்.