தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடம்: திறப்பது யார், பூட்டியிருந்தாலும் நமக்கு வர வேண்டியது என்ன?

மழை லீவு எப்படி வரும் என்று வடசென்னையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கலெக்டர் அறிவிப்பார், காலையில் டிவியின் கீழே எழுத்து ஓடும், எழுந்த பிள்ளை மறுபடி போர்வைக்குள் போய்விடும். தொற்று லீவு அப்படியில்லை. கொரோனா சமயத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூட கேட்டில் நின்று எச்.எம்.மிடம் சண்டை போட்டார்கள். ஏன் இன்னும் திறக்கவில்லை என்று சிலர், எதற்கு இப்போதே திறக்கிறீர்கள் என்று சிலர். பாவம் அவர். அவர் கையில் இருந்தது பூட்டுச் சாவி மட்டும்தான்.

முடிவு எடுக்கும் இடம் வேறு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை பொது விதிகளைச் சொல்லும். 2020 செப்டம்பர் 30 அன்று வந்த தளர்வு ஆணை, அக்டோபர் 15க்குப் பிறகு பள்ளிகளைப் படிப்படியாகத் திறப்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்றது. அதன்பின் மாநில அரசு ஆணை போடும், பள்ளிக் கல்வித் துறை நெறிமுறை வெளியிடும். மாநகராட்சிப் பள்ளியை நடத்துவது மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைதான். ஆனாலும் தொற்றுக் காலத்தில் திறப்பதா மூடுவதா என்பதை அது தனியாகத் தீர்மானிக்க முடியாது.

தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று 9 முதல் 12 வரை திறப்பதாக அறிவித்தார்கள். 9ஆம் தேதி பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள், 12ஆம் தேதி திறப்பைக் கைவிட்டார்கள். பெற்றோர் பேச்சுக்கு எடை உண்டு என்று நான் நம்பியது அன்றைக்குத்தான். பிறகு 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள், பிப்ரவரி 8 அன்று 9, 11ஆம் வகுப்புகள். மார்ச்சில் மறுபடி 9 முதல் 11 வரை வீட்டுக்கு. இரண்டாம் அலை ஓய்ந்து செப்டம்பர் 1 அன்று பெரிய வகுப்புகள் திரும்பின. 1 முதல் 8 வரை உள்ள பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதித்தது நவம்பர் 1 அன்று. ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது.

திறக்கலாமா வேண்டாமா என்ற வாதத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் ராயபுரம் மண்டலத்தில்தான் நகரத்திலேயே அதிகத் தொற்று. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுக்குப் பிள்ளை நோயைக் கொண்டுவந்தால், மூலையில் படுத்திருக்கும் ஆயாவை எங்கே தள்ளி வைப்பது? வேண்டாம் என்றவர்கள் கேட்டது இதைத்தான். ஆனால் அதே அறையில்தான் ஆன்லைன் கிளாஸும் நடந்தாக வேண்டும். போன் ஒன்று. அதை அப்பா லோடு வேலைக்கு எடுத்துப்போய்விட்டால் கிளாஸும் துறைமுகத்துக்குப் போய்விடும். கல்வி தொலைக்காட்சி இருந்தது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் சந்தேகம் கேட்டால் டிவி பதில் சொல்லுமா? காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கப் போன பையன்கள் சிலர், பள்ளி திறந்தபோது கையில் காசு பார்த்துப் பழகியிருந்தார்கள்.

என்னைக் கேட்டால், திறந்த வரிசைதான் தவறு. 2021 ஜூலையில், ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அப்போதைய தலைவர் பல்ராம் பார்கவா, சின்னப் பிள்ளைகளின் உடல் இந்தக் கிருமியை நன்றாகவே சமாளிக்கிறது, ஆசிரியர்களும் பணியாளர்களும் தடுப்பூசி போட்டுக்கொண்டபின் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்ற கருத்தைச் சொன்னார். நாம் பொதுத் தேர்வை நினைத்துப் பெரிய பிள்ளைகளை முதலில் கூப்பிட்டோம். எழுத்துக்கூட்டும் வயதில் இருந்தவர்கள்தான் அதிக நாள் வீட்டில் கிடந்தார்கள்.

சரி, இசைவுக் கடிதத்துக்கு வருவோம். பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளை வரலாம், வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அப்போதைய விதி. 2021 ஜனவரியில் பக்கத்து வீட்டு அக்கா அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். ரேஷன் கார்டுக்குள் இரண்டாக மடித்து வைத்திருந்தார்.

"இன்னாம்மா, இதுல கையெழுத்து போட்டா, புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நாமதான் பாத்துக்கணும்னு அர்த்தமா?"

"இல்லக்கா. அனுப்பச் சம்மதம்னு மட்டும்தான் அர்த்தம்."

"போடலன்னா பேர அடிச்சிருவாங்களா?"

இரண்டு கேள்விக்கும் இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். சம்மதம் கொடுத்ததால் பள்ளியின் பொறுப்பு போய்விடாது. ஒரு அறைக்கு 25 பேருக்கு மேல் கூடாது என்று அப்போது நெறிமுறை சொன்னது, அதே ஆண்டு செப்டம்பரில் அது 20 ஆனது. அந்த எண்ணிக்கையைக் காப்பது பள்ளியின் வேலை. வருவது கட்டாயமில்லை என்பதே விதி என்பதால், கடிதம் கொடுக்கவில்லை என்று பிள்ளையின் பெயரை நீக்கவும் கூடாது. சின்ன வகுப்புகளுக்குச் சட்டக் காவலும் உண்டு: கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. அக்கா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மாஸ்க் இரண்டு வாங்கப் போனார்.

அப்புறம் சோறு. வடசென்னையில் பாதிப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான மத்தியானச் சாப்பாடு சத்துணவுதான் என்று சொன்னால் கோபப்படாதீர்கள், நானும் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எட்டாம் வகுப்புவரை அரசு, மாநகராட்சி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு உரிமை. பள்ளி நாளில் உணவு கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும், அதையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்கின்றன 2015ஆம் ஆண்டு விதிகள். பள்ளிகள் மூடியதும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து கேட்டது. சமைத்த உணவோ படியோ ஏதாவது ஒன்றைக் கொடுக்கும்படி மத்திய அரசும் மாநிலங்களுக்குச் சொன்னது. நம் ஊரில் அது அரிசி, பருப்பு, முட்டையாக வந்தது.

அளவு பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 6 முதல் 8 வரை 150 கிராம். 22 நாள் என்றால் சின்னவளுக்கு 2 கிலோ 200 கிராம், அண்ணனுக்கு 3 கிலோ 300 கிராம். கட்டைப்பையைக் கையால் தூக்கிப் பார்த்து "சரியாத்தான் இருக்கும்" என்று வந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 200 கிராம் குறைந்தது. திரும்பப் போய்க் கேட்டபோது, கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு டம்ளர் அள்ளிப் போட்டார்கள்.

பள்ளி மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை போய், ஃபீஸ் கட்ட முடியாமல் தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள் அந்த இரண்டு வருடத்தில் நிறையப் பேர். "டிசி இருந்தால் வா" என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு அம்மா என்னிடம் வந்து அழுதிருக்கிறார். எட்டாம் வகுப்புவரை அப்படித் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, டிசி வரத் தாமதமானது சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ காரணமாகாது என்கிறது. 14ஆவது பிரிவு, வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது என்கிறது. இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆவது பிரிவு. ஆல் பாஸ் போட்டுவிட்டார்கள், பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று புலம்பும் பெற்றோருக்காக 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே ஒரு தன்னார்வலர். என் தங்கை மகள் பெருக்கலைப் பள்ளியில் கற்கவில்லை, மாடிப்படிக்குக் கீழே கற்றாள்.

குறை இருந்தால் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடும் குழுக்களும் உண்டு, அங்கே கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். தீராவிட்டால் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவின் கீழ் மாநகராட்சிக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. போனில் கேட்க, பள்ளிக் கல்விக்கு 14417, மாநகராட்சிக்கு 1913. மனுவை இரண்டு பிரதி எடுத்துப்போய், உங்கள் கையில் இருக்கும் பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.