மேரினேட்: கடல்நீரிலிருந்து எண்ணெய்க்கு வந்த சொல்

பூண்டும் எலுமிச்சைத் தோலும் மணக்கும் எண்ணெயை இளஞ்சூடாக்கி, அதில் ஆலிவ் காய்களைப் புரட்டி ஊறவைத்து, உணவுக்கு முன் கொறிப்பதற்காக வைக்கும் எளிய பண்டத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'வார்ம் மேரினேட்டட் ஆலிவ்ஸ்' என்று ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் தந்துவிடுகிறார்கள். இவற்றுள் 'வார்ம்' என்பதற்கு வெதுவெதுப்பு, இளஞ்சூடு என்று நல்ல சொற்கள் தமிழில் இருக்கின்றன. உணவுக்கு முன் உண்பதை 'முன்னுணவு' என்றோ 'பசியூட்டி' என்றோ சொல்வதிலும் தடையில்லை. நின்று பார்க்க வேண்டிய சொல் 'மேரினேட்' என்பதுதான்.

இலத்தீன் மொழியில் 'மாரே' என்றால் கடல்; 'மரீனுஸ்' என்றால் கடலைச் சார்ந்தது. அதன் வழியில் இத்தாலியத்தில் 'மரினாரே', பிரெஞ்சில் 'மரினே' என்ற வினைகள் பிறந்து, 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் இச்சொல் இடம்பிடித்தது. கெடாமல் இருப்பதற்காக மீன் முதலியவற்றைக் கடல்நீர் போன்ற உப்புநீரில் இட்டுவைப்பதே இதன் முதற்பொருள். காலப்போக்கில் எண்ணெய், காடி (வினிகர்), எலுமிச்சைச் சாறு, தயிர் என எதில் ஊறவைத்தாலும் அதே சொல் வழங்கலாயிற்று. சொல்லில் கடல் தங்கிவிட்டது, பாத்திரத்திலிருந்து அது போய்விட்டது.

ஆலிவைப் பொறுத்தவரை அந்தப் பழம்பொருள் இன்றைக்கும் வழக்கொழியவில்லை. மரத்திலிருந்து பறித்த ஆலிவ் காயை அப்படியே கடித்தால் நாக்கு சுருங்கும் அளவுக்குக் கசக்கும். அதிலுள்ள 'ஒலியூரோப்பீன்' என்ற சேர்மமே அக்கசப்புக்குக் காரணம். காய்களை உப்புநீரில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இட்டுவைத்துத்தான் கசப்பைப் போக்குகிறார்கள். விரைவாக முடிப்பதற்குக் காரக் கரைசலை, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த நீரைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆகவே உப்புநீர்ப் புட்டியிலிருந்து நாம் எடுக்கும் ஆலிவ், சொல்லின் மூலப்பொருளில் ஏற்கெனவே ஒருமுறை மேரினேட் செய்யப்பட்டதுதான். நம் அடுப்பில் நடப்பது இரண்டாவது ஊறல்.

'ஊறு' என்ற வினை இங்கே எவ்வளவு பொருத்தமானது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. கிணற்றில் நீர் ஊறுகிறது, நாவில் எச்சில் ஊறுகிறது என்னும்போது உள்ளிருப்பது வெளியே சுரக்கிறது. பயறு ஊறுகிறது, துணி ஊறுகிறது என்னும்போது வெளியிலிருப்பது உள்ளே செல்கிறது. இந்தச் சிறு பாத்திரத்தில் இரண்டும் நிகழ்கின்றன: பூண்டிலும் எலுமிச்சைத் தோலிலும் உள்ள மணப்பொருள்கள் எண்ணெயில் கரைந்து வெளிவருகின்றன, அந்த மணம் ஏறிய எண்ணெய் காயில் படிந்து மெல்ல உட்செல்கிறது. மேரினேட் என்பது ஊறவைக்கும் நீர்மத்தின் பெயரால் அமைந்த சொல். ஊறவைத்தல் என்பது பண்டத்துக்கு நேர்வதைச் சொல்லும் சொல். நீர்மம் எதுவானாலும் தமிழ்ச்சொல் பிழைபடாது.

செய்முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரண்டு கப் ஆலிவை உப்புநீரிலிருந்து எடுத்து, கழுவி, ஈரம் போகத் துணியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெய் தெறிக்கும். அரை கப் ஆலிவ் எண்ணெயில் மெல்லியதாக நறுக்கிய பூண்டுப் பற்கள் மூன்று, வெண்பகுதி படாமல் சீவிய ஒரு எலுமிச்சையின் தோல், ஒரு கொத்து ரோஸ்மேரி, சிறிது மிளகாய்த் துணுக்கு ஆகியவற்றை இட்டு, மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். பூண்டுத் துண்டின் விளிம்பைச் சுற்றி ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒன்றிரண்டாக எழும். தோலின் மஞ்சள் நிறம் எண்ணெயில் இலேசாகப் படரும். பூண்டு சிவக்கத் தொடங்கினால் தீ மிகுந்துவிட்டது என்று பொருள். இந்நிலையில் ஆலிவைச் சேர்த்து, மேலும் ஐந்து நிமிடம் கழித்து இறக்கி, அரைமணி நேரம் மூடிவைக்கலாம். ஆலிவின் தோல் வழவழப்பானது, எண்ணெயை எளிதில் உள்ளே விடாது. ஆதலால் கத்தியின் அகலப் பக்கத்தால் ஒவ்வொரு காயையும் இலேசாக நசுக்கிக்கொண்டால் ஊறல் நன்றாகப் பிடிக்கும்.

இதைத் 'தாளித்த ஆலிவ்' என்று சிலர் மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். தாளித்தலுக்குக் காய்ந்த எண்ணெயும் சடசடப்பும் வேண்டும், அது நொடிகளில் முடிந்துவிடும். இங்கே எண்ணெய் காய்வதே இல்லை. 'பிசிறி வைத்தல்' என்பது கையால் கலந்து வைக்கும் இறைச்சிக்கும் மீனுக்கும் அழகாகப் பொருந்தும்; எண்ணெயில் அமிழும் காய்க்குப் பொருந்தாது.

காயின் பெயரிலும் தெரிவு உண்டு. கிரேக்கத்தின் 'எலாயா', இலத்தீனின் 'ஒலீவா' வழியாக வந்ததே ஆலிவ்; தமிழ் விவிலியம் அதை 'ஒலிவ மரம்' என்கிறது, தமிழ் முஸ்லிம்கள் அரபு வழியில் 'சைத்தூன்' என்கிறார்கள். 'இடலை' என்றும் எழுதுவதுண்டு. அது ஆலிவின் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு மரத்துக்கு உரிய பெயர் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆங்கிலத்தின் 'ஆயில்' என்ற சொல்லும் இந்த ஆலிவ்வழிப் பிறந்ததே. தமிழின் எண்ணெயோ எள்ளும் நெய்யும் சேர்ந்து உண்டான சொல். கிரேக்கமும் தமிழும் தத்தம் கைக்கு எட்டிய எண்ணெயையே எல்லா எண்ணெய்க்கும் பெயராக்கிக்கொண்டிருக்கின்றன.

'ஊறவைத்த ஆலிவ்' என்று மட்டும் எழுதினால் வெறும் நீரில் ஊறியதாகவும் கொள்ளலாம் என்று ஒரு தடை எழும். அது நியாயமான தடைதான். நீர்மத்தின் பெயரோடு ஏழாம் வேற்றுமை உருபைச் சேர்த்துவிட்டால் அதுவும் நீங்கும். 'இளஞ்சூட்டு எண்ணெயில் ஊறவைத்த ஆலிவ்' என்று எழுதும்போது சூடு, நீர்மம், செயல், காய் ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன.