மூடிக் கிடந்த தாங்கிக்குள் மூக்கை நம்பி இறங்காதீர்கள்

"அண்ணை, அது வெறுந் தாங்கி. உள்ளே ஒரு மணமும் இல்லை."

ஒட்டுசுட்டான் பக்கத்துத் தம்பி ஒருவன் போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வட்ஸ்அப்பில் சொன்னது இது. வளைகுடாவில் கப்பல் திருத்துகிற ஒரு யார்ட்டில் வெல்டருக்கு உதவியாள். பல வருடம் கட்டிக் கிடந்த கப்பலைத் திரும்ப ஓட்டத்துக்கு எடுக்கிற வேலை. தாங்கியின் மூடியைக் கழற்றினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், இவன் லைற்றோடு இறங்கினான். நாலாவது படியில் கால் தளர்ந்துவிட்டது. மேலே நின்றவர் எட்டிக் கையைப் பிடித்ததால் ஆள் இருக்கிறான், இரண்டு படி கூட இறங்கியிருந்தால் கை எட்டியிருக்காது. இப்படி ஒன்றைக் கேட்பது எனக்கு இது முதல் தடவை இல்லை. வன்னியில் இருந்து இந்த வேலைக்குப் போகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒருவரும் எதுவும் சொல்லி அனுப்புவதாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கப்பல்கள் எங்கே இருந்து வருகின்றன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 நடுப்பகுதியில் பீப்பாய் 100 டொலருக்கு மேலே நின்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே விழுந்தது. கடலில் எண்ணெய் தோண்டுகிற ரிக்குகளுக்குச் சாமான் ஏற்றிய கப்பல்களும் நங்கூரம் இழுத்த கப்பல்களும் வேலையில்லாமல் துறைமுகங்களில் வரிசையாகக் கட்டப்பட்டன. இப்போது கடலடிக் குழாய்களைப் பரிசோதிக்க, கேபிள் வேலைக்கு, கடல் காற்றாலைகளுக்கு என்று கப்பலுக்குத் தேவை வந்திருக்கிறது. புதுசு கட்ட வருடங்கள் எடுக்கும், காசும் பெரிது. பழைய சப்ளைக் கப்பலிலோ நீளமான தளம் இருக்கிறது, நங்கூரம் போடாமலே கப்பலை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிற டிபி என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் பெரிய கிரேன் ஒன்று, ஆளில்லாமல் கடலடிக்குப் போகிற ஆர்ஓவி, கூடுதல் கபின் எல்லாம் ஏற்றினால் கப்பல் தயார். முதலாளி, வாடகைக்கு எடுக்கிறவர், சேர்வேயர் எல்லாருடைய கண்ணும் கிரேனிலும் டிபி சோதனையிலும்தான். ஒரே ஒரு பழுதால் கப்பல் இடம் பெயரக்கூடாது என்பது டிபி 2 என்ற தரத்துக்கு விதி, அதை நிரூபிக்க நாள் கணக்காகச் சோதனை நடக்கும். தாங்கிக்குள் போகிற ஹெல்பரின் மூச்சுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது.

ஆனால் மாற்றியமைக்கிற வேலையில் பாதி தாங்கிக்குள்தான். கிரேனைச் சும்மா தளத்தின் மேலே ஒட்டிவிட முடியாது. அதன் பாரத்தைத் தாங்கத் தளத்துக்குக் கீழே புதிதாக இரும்பு கட்ட வேண்டும், கீழே இருப்பது தாங்கி. கப்பலுக்குத் தரச் சான்று கொடுக்கிற கிளாஸ்காரர் தகட்டின் தடிப்பை அளக்கச் சொல்வார், அதற்கும் தாங்கிக்குள்தான் இறங்க வேண்டும். கப்பல் சாயாமல் நிற்கக் கடல் தண்ணீர் ஏற்றுகிற பலாஸ்ட் தாங்கி, எண்ணெய்க் கிணறு தோண்டுகிற சேற்றை ஏற்றிய பழைய மட் தாங்கி, ஒன்றுக்கும் பாவிக்காத வெற்று அறைகள், நங்கூரச் சங்கிலி கிடக்கிற சங்கிலி அறை. வருடக்கணக்கில் ஒருவரும் திறந்து பார்க்காத இடங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதத்துக்குள் திறப்பார்கள்.

இனி அந்த "வெறுந் தாங்கி" கதைக்கு வருவோம். இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

முள்ளிவாய்க்கால் கரையில் கிடந்த ஃபரா 3 கப்பலைப் பார்க்காதவர்கள் எங்களில் குறைவு. 2006 டிசம்பரில் வந்து தரைதட்டியது, சில வருடத்தில் கறள் தின்று பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. அந்தக் கறள் எங்கிருந்து வந்தது? ஈரமான இரும்பு காற்றில் இருக்கிற ஒட்சிசனை எடுத்துத்தான் கறள் ஆகிறது. அது வெளியிலே கிடந்தபடியால் காற்றுக்குக் குறைவில்லை. அதே இரும்பைப் பெட்டியாக்கி, அடியில் கொஞ்சம் உப்புத் தண்ணீரை விட்டு, மூடியைப் போட்டு போல்ற்று இறுக்கிப் பல வருடம் விடுங்கள். உள்ளே இருந்த ஒட்சிசனைக் கறள் தின்றுவிடும். மிச்சம் நைதரசன். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே தாங்கி வெறுமையாக இருப்பதுதான் ஆபத்து. அதற்குள் எதையும் ஊற்றியிருக்க வேண்டும் என்று இல்லை, ஒரு கசிவும் நடக்கத் தேவையில்லை.

"மூச்சு முட்டினால் ஏறி வந்துவிடுவேன்" என்கிறவர்களுக்கு இன்னொன்று. மூச்சு முட்டாது. தண்ணீருக்குள் மூச்சடக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது உடம்பில் காபனீரொட்சைட்டு சேருவதால். ஒட்சிசன் குறைந்ததை உடம்பு அப்படி அறிவிக்காது. ஒட்சிசன் இல்லாத காற்றை இழுத்தாலும் காபனீரொட்சைட்டை வழக்கம்போல வெளியே விட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள், நெஞ்சு இலேசாகத்தான் இருக்கும். நல்ல காற்றில் 20.9 சதவீதம் ஒட்சிசன். அது 6க்குக் கீழே போன இடத்தில் சில மூச்சிலேயே நினைவு போய்விடும். ஏணியைப் பிடித்திருக்கிற கைக்கு அதை யோசிக்க நேரம் இருக்காது.

மட் தாங்கியில் நிலைமை வேறு. அடியில் காய்ந்தும் காயாமலும் கிடக்கிற சேற்றில் கிருமிகள் ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும். கூழ்முட்டை நாற்றம், உண்மைதான். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிடும். "முதல் மணத்தது, பிறகு சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் ஆளை உடனே வெளியே எடுங்கள். தூசு மாஸ்க், பில்டர் மாஸ்க் எதுவும் இல்லாத ஒட்சிசனை உண்டாக்கித் தராது. தயவுசெய்து அதைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்.

நாங்கள் கிணற்று ஊர்க்காரர். மல்லாவிப் பக்கத்தில் ஆழக் கிணற்றுக்குள் மண்ணெண்ணெய் மெசினை இறக்கி வைத்து இறைத்தால் என்ன நடக்கும் என்று அங்கே பெரியவர்களுக்குத் தெரியும், விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு தம்பி தாங்கி வாயில் லைற்றர் பிடித்துப் பார்த்ததாகப் பெருமையாகச் சொன்னான். ஐயா சாமி! கப்பல் தாங்கியில் எண்ணெய் ஆவி இருந்தால் நெருப்போடு நீயும் போவாய். அது தவிர, சுடர் ஒட்சிசன் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும் வரை எரியும், மனிதனுக்கு 16 போதாது. மெசின் புகையில் வருகிற காபனோரொட்சைட்டையோ சுடர் காட்டவே காட்டாது. ஆக அந்த விளக்குச் சோதனை கிணற்றிலும் அரைகுறைதான்.

சங்கிலி அறை பற்றியும் சொல்ல வேண்டும், அதை ஒருவரும் தாங்கியாக நினைப்பதில்லை. 2007 செப்டெம்பரில் வட கடலில் வைகிங் ஐலே என்ற கப்பலில் நங்கூரச் சங்கிலி சத்தம் போடுகிறது என்று அதைக் கட்ட இரண்டு பேர் போனார்கள். முதல் இறங்கியவர் விழுந்தார், அவரைத் தூக்க இறங்கிய மற்றவரும் விழுந்தார். மூன்றாமவர் தப்பி ஓடுவதற்கென்று வைத்திருக்கிற சின்ன மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார், அவரும் திரும்பவில்லை. மூன்று பேருமே பழகிய கடலோடிகள், ஆபத்து நேரத்தில் மற்றவர்களைக் காப்பாற்றவென்றே கடலில் நின்ற கப்பல் அது. அங்கேயும் காரணம் கறள்தான்.

சரி, செய்ய வேண்டியது. மூடி திறந்ததும் இறங்குவதில்லை. புளோவர் போட்டுக் காற்றை மாற்ற வேண்டும். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் தாங்கி தானாகக் காற்று வாங்காது. பிறகு புளோவரை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து, வெளியே நின்றபடி குழாயை இறக்கி மேல், நடு, அடி மூன்றிலும் அளக்க வேண்டும். மேலே நல்ல எண் வந்தது என்று அடியை விடாதீர்கள், நீங்கள் வேலை செய்யப்போவது அடியில். எண் சரியென்றால்தான் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிற், பெர்மிற்றில் நேரம் எழுதியிருக்கும், சாப்பாட்டுக்குப் போய் வந்தால் திரும்ப அளக்க வேண்டும். வேலை முடியும் வரை புளோவர் ஓடட்டும். வெல்டிங் சிலிண்டரில் இருந்து ஒட்சிசனைத் திறந்துவிடுகிற மேதாவிகளும் இருக்கிறார்கள், ஒரு பொறி போதும் உடுப்பு பற்றிக்கொள்ள.

மீற்றரையும் நம்பி ஏமாறாதீர்கள். ஒட்சிசன் சென்சருக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான், கட்டிக் கிடந்த கப்பலின் லாச்சியில் இருந்து எடுத்த மீற்றர் லைற் எரிந்தாலும் அதற்குள் உயிர் இருக்காது. கலிபிரேஷன் திகதி பாருங்கள். அதற்கு மேலே, சென்சரில் உங்கள் மூச்சை மெதுவாக விட்டுப் பாருங்கள், எண் இறங்க வேண்டும். 20.9 இல் அசையாமல் நின்றால் அதைத் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள்.

வாயிலில் ஓர் ஆள் நிற்க வேண்டும், கையில் வோக்கி, அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் அவரும் இறங்கக்கூடாது. இதுதான் எங்கள் ஆட்களுக்கு ஏறாத விடயம், ஏனென்றால் விழுந்தவன் மச்சானாக இருப்பான், ஒரே ஊர்க்காரனாக இருப்பான், பார்த்துக்கொண்டு நிற்க மனம் வராது. வோக்கியில் கூப்பிடுங்கள், புளோவர் குழாயை அவன் பக்கம் தள்ளுங்கள், கயிறு கட்டியிருந்தால் இழுங்கள். காற்றுச் சிலிண்டர் மாட்டிப் பழகியவர்கள் வந்துதான் இறங்க வேண்டும்.

அம்மா அப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஏஜென்சிக்குக் காசு கட்டும்போது சம்பளம், விசா எல்லாம் கேட்கிறீர்கள், அதோடு இதையும் கேளுங்கள்: பிள்ளை போகிறது ஓடுகிற கப்பலுக்கா, கட்டிக் கிடந்த கப்பலைத் திருத்துகிற யார்ட்டுக்கா? யார்ட் என்றால், மூடிய இடத்துக்குள் இறங்கப் பயிற்சி கொடுப்பார்களா, எந்த மொழியில் கொடுப்பார்கள்? பதில் தெரியாமல் முழித்தால் கையெழுத்தை ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள். தம்பிமாருக்கு, அங்கே போன பிறகு போர்மன் அவசரப்படுத்தினால் "கேஸ் டெஸ்ற் பேப்பர் காட்டு" என்று கேளுங்கள். கத்துவார். கத்தட்டும், பேப்பர் வரும் வரைக்கும் ஏணியில் காலை வைக்காதீர்கள்.