கிட்டாருக்கு இரண்டு கம்ப்ரஸர்: வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

மிக்ஸிங்குக்கு வரும் கிளீன் எலெக்ட்ரிக் கிட்டார் டிராக்குகளில் ஒரு குறையை அடிக்கடி பார்க்கிறேன். ஒரே கம்ப்ரஸரை (சத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது அதைக் குறைக்கும் கருவி) வைத்து 10, 12 டெசிபல் வரை அமுக்கியிருப்பார்கள். பிக் கம்பியில் படும் முதல் சத்தம் செத்துப்போயிருக்கும். நோட்டு அடங்க வேண்டிய இடத்தில் ஒலி வீங்கி எழும். இப்படிப் பதிவாகி வந்த டிராக்கில் போன உயிரை முழுசாக மீட்க எந்தப் பிளக்-இன்னாலும் முடியாது. அதனால் பெடலுக்கு முன்பே பிரித்தெடுத்த டிஐ டிராக் (கிட்டாரிலிருந்து நேராக வரும் சிக்னல்) ஒன்றையும் தவறாமல் பதிவு செய்து வையுங்கள்.

கிளீன் கிட்டாரில் சமாளிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. பிக் பட்டவுடன் சில மில்லி செகண்டுகள் மட்டும் எகிறும் உச்சம் ஒன்று. ஒரு வரியை மென்மையாகவும் அடுத்த வரியை அழுத்தியும் வாசிப்பதால் வரும் ஏற்ற இறக்கம் மற்றொன்று. முன்னதைப் பிடிக்க வேகம் வேண்டும், பின்னதற்கு நிதானம் வேண்டும். ஒரே அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்), ஒரே ரிலீஸில் (விட எடுக்கும் நேரம்) இரண்டையும் செய்யச் சொன்னால் இரண்டுமே அரைகுறையாகத்தான் முடியும்.

ஸ்டூடியோக்களில் 1176, எல்ஏ-2ஏ என்ற இரண்டு கம்ப்ரஸர்களைத் தொடராகப் போடுவது இதற்காகத்தான். 1967-இல் வந்த 1176-இன் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ செகண்ட் வரை. அதில் அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். மற்ற கம்ப்ரஸர்களில் பழகியவர்கள் இதைத் தலைகீழாக வைத்துவிட்டு, சத்தம் ஏன் தட்டையாகிறது என்று தேடுவார்கள். எல்ஏ-2ஏ ஒளியால் இயங்குவது. சிக்னல் ஏற ஏற உள்ளே ஒரு சிறு தகடு ஒளிரும், அந்த ஒளி எதிரே உள்ள சென்சாரின் மின்தடையை மாற்றும். பிடிப்பதற்குச் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். விடும்போது பாதியைச் சட்டென்று விட்டு, மீதியைச் சில வினாடிகள் எடுத்து மெதுவாக விடும்.

நான் வைப்பது இப்படி: முதலில் வேகமானது, ரேஷியோ 4:1 (வரம்புக்கு மேல் 4 டெசிபல் ஏறினால் 1 டெசிபல்தான் வெளியே வரும்). அழுத்தி வாசித்த நோட்டுகளில் மட்டும் மீட்டர் முள் 3, 4 டெசிபல் இறங்கி, அடுத்த நோட்டுக்கு முன் திரும்பிவிட வேண்டும். அடுத்து நிதானமானது, 2 அல்லது 3 டெசிபல் போதும். உச்சங்கள் ஏற்கெனவே குறைந்துவிட்டதால் இரண்டாவது பதறாமல் வேலை செய்யும். பிக்கின் கொத்தல் முன்னால் நிற்க வேண்டிய ரிதம் வாசிப்பு என்றால் முதல் கம்ப்ரஸராக 1176-ஐ வைக்க மாட்டேன். அட்டாக்கை 20, 30 மில்லி செகண்டுக்குத் தள்ள முடிகிற வேறொன்றை எடுப்பேன்.

இரண்டு ரேஷியோக்களையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 4:1-க்குப் பின் 3:1 வைத்து, சிக்னல் இரண்டின் த்ரெஷோல்டையும் (அமுக்கம் தொடங்கும் வரம்பு) தாண்டினால் கிடைப்பது 12:1. கிட்டத்தட்ட லிமிட்டர், அதாவது வரம்புக்கு மேல் ஏறவே விடாத கருவி. இரண்டிலும் த்ரெஷோல்டைத் தாராளமாக இறக்கிவிட்டு "மென்மையாகத்தான் வைத்தேன்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ரிலீஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தடித்த ஈ கம்பியின் அதிர்வு சுமார் 82 ஹெர்ட்ஸ், அதாவது ஓர் அலைக்கு ஏறக்குறைய 12 மில்லி செகண்ட். அட்டாக்கும் ரிலீஸும் அதைவிட வேகமாக இருந்தால் கம்ப்ரஸர் ஒவ்வோர் அலைக்குள்ளும் ஏறி இறங்கும், கிளீன் டோனில் கரகரப்பு சேரும். ஆம்பையும் கேபிளையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் ரிலீஸைக் கூட்டிக் கேளுங்கள்.

இரண்டிலும் சேர்த்து 7 டெசிபல் மேக்கப் கெயின் (அமுங்கிய ஒலியளவை மீண்டும் ஏற்றுவது) கொடுத்தால் சிங்கிள் காயில் பிக்கப்பின் ஹம்மும் அதே 7 டெசிபல் உயரும். நாய்ஸ் கேட் (சத்தம் குறைந்ததும் வழியை மூடி இரைச்சலை வெட்டும் கருவி) தேவைப்பட்டால் கம்ப்ரஸர்களுக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் இரைச்சலும் நோட்டின் வாலும் நெருங்கிவிட்டிருக்கும், கேட் வாலையும் சேர்த்து வெட்டும்.

கம்ப்ரஸரை பைபாஸ் செய்து ஒப்பிடும்போது இரண்டு நிலையிலும் ஒலியளவு சமமாக இருக்கட்டும். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் "நல்ல டோன்" என்று சொல்லும்.

ஓவர்டிரைவ் போட்ட கிட்டாருக்கு இதே செட்டிங்கைக் கொண்டுபோகாதீர்கள். டிஸ்டார்ஷனே உச்சங்களை வெட்டிவிடுகிறது, அதுவே ஒரு கம்ப்ரஷன். காலடியில் உள்ள கம்ப்ரஸர் பெடல், திணறும் ஆம்ப், பிளக்-இன், கிட்டார் பஸ் (எல்லாக் கிட்டார் டிராக்குகளும் சேரும் சேனல்) என்று எத்தனை இடத்தில் அமுங்குகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஹை-கெயின் ரிதம் டிராக்குகளில் பெரும்பாலும் நான் இரண்டையும் எடுத்துவிடுகிறேன். அங்கே பாம்-மியூட்டில் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பதில்) திரளும் அடி ஒலியை மட்டும் மல்ட்டிபேண்டால் (ஒவ்வோர் அலைவரிசைப் பகுதியையும் தனியே அமுக்கும் கம்ப்ரஸர்) இரண்டு டெசிபல் தட்டிவிட்டால் போதுமானதாக இருக்கிறது.