மிதந்த நுரையீரலும் உளுந்து மாவும்

செத்த உடல் எப்படி விறைக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டார்: "ஆய்வகம் கிடையாது, குளிர்பெட்டி கிடையாது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பட்டிக்காட்டில் ஒரு சாவு விழுந்தால், அது கொலையா இல்லையா என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்?"

பல நேரம் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் குட்டிப் பதில். நீளமான பதிலுக்கு உங்களை அமெரிக்காவின் தெற்கே, சவுத் கரோலினா மாநிலத்தின் எட்ஜ்ஃபீல்ட் மாவட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். சவன்னா ஆற்றோரம் பருத்தி விளைந்த ஊர். கைகலப்புக்குப் பேர்போனதும்கூட. 1856 மே 22 அன்று அடிமை முறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் அடித்து வீழ்த்திய காங்கிரஸ் உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் இந்த மண்ணின் ஆள். 1860-ல் அங்கே வாழ்ந்த பத்துப் பேரில் ஆறு பேர் அடிமைகள்.

சந்தேகச் சாவு என்றால் கொரோனர் வருவார். 1194-ல் இங்கிலாந்தில் உருவாகி, கப்பலேறி அமெரிக்கா போன பதவி இது. கொரோனர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் பன்னிரண்டு பேர் போல ஜூரியாகக் கூட்டி, உடலைச் சுற்றி நிற்கவைத்துச் சத்தியம் வாங்குவார். உடலை அவர்கள் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நம்மூரில் போலீஸ் பிரேத விசாரணை அறிக்கையில் பஞ்சாயத்தார் கையெழுத்து வாங்குகிறதே, அதற்கு இது ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு பெரும்பாலும் நாலு பெட்டிகளில் ஒன்றில் விழும்: கொலை, தற்கொலை, விபத்து, 'கடவுளின் வருகை'. கடைசிப் பெட்டி இயற்கைச் சாவுக்கு. மாரடைப்பு, மூளையில் ரத்தக்கசிவு, ஏனென்றே தெரியாத சாவு எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடினார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரும், அடிமை முறைக்கு முடிவு கட்டிய உள்நாட்டுப் போர் 1865-ல் முடியும்வரை வெள்ளைக்காரர்கள். வெள்ளையருக்கு எதிராக ஓர் அடிமை சொல்லும் சாட்சி செல்லாது. அடிமையைக் கொன்றால் மரண தண்டனை என்பதே அந்த மாநிலத்தில் 1821-ல்தான் வந்தது. அதற்கு முன் அபராதத்தோடு போய்விடும். போருக்குப் பின் காட்சி கொஞ்ச காலம் மாறியது. 1876 ஜூலையில், முன்பு எட்ஜ்ஃபீல்டோடு இருந்த ஹாம்பர்க் ஊரில் கறுப்பினத்தவர் ஆறு பேர் கொல்லப்பட்டபோது, விசாரணையை நடத்தியவர் முன்பு அடிமையாக இருந்த பிரின்ஸ் ரிவர்ஸ். 80-க்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. யார் செய்தது என்று கண்டுபிடிப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

சரி, அறிவியலுக்கு வருவோம். துப்பாக்கிக் குண்டு, கத்திக்குத்து இதிலெல்லாம் ஜூரி ஆட்கள் தேறிவிடுவார்கள். வேட்டையாடிப் பழகியவர்கள், குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது என்று அவர்களுக்குத் தெரியும். திணறுவது ஒரே இடத்தில்: கிணற்றிலோ புதரிலோ கிடைக்கும் பச்சிளங்குழந்தையின் உடல். செத்தே பிறந்ததா, பிறந்த பிறகு செத்ததா? முதலாவது என்றால் கொலையே இல்லை. இரண்டாவது என்றால் தாயின் கழுத்துக்குக் கயிறு. டாக்டரைக் கூப்பிடுவார்கள். அந்தக் கால டாக்டரிடம் இதற்கு ஒரு சோதனை இருந்தது. தேவையான கருவி, ஒரு வாளித் தண்ணீர்.

நுரையீரலை எடுத்துத் தண்ணீரில் போடு. மிதந்தால் குழந்தை மூச்சு விட்டிருக்கிறது. மூழ்கினால் விடவில்லை. 1681-ல் யொஹான் ஷ்ரையர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைச் செய்துகாட்டி, குற்றம் சாட்டப்பட்ட 15 வயதுப் பெண் ஒருத்தியைக் காப்பாற்றினார். அன்று நுரையீரல் மூழ்கியது.

வடைக்கு உளுந்து அரைப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாவில் ஒரு சொட்டுக் கிள்ளித் தண்ணீரில் போடுவார்கள், மிதந்தால் பதம். அரைக்கும்போது மாவுக்குள் புகுந்த காற்று அதன் அடர்த்தியைத் தண்ணீரைவிடக் குறைத்துவிடுகிறது. குழந்தையின் சாவைப் பேசும் இடத்தில் வடையா என்று கோபிக்காதீர்கள். இந்த மாவு இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி தேவைப்படும்.

கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் சுருங்கிய காலிப் பை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, உள்ளே திரவம் நிறைந்திருக்கிறது. பனிக்குட நீரைக் குழந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டதும் இல்லை. நுரையீரல் செல்களே குளோரைடு அயனிகளை உள்பக்கம் தள்ள, அதன் பின்னாலேயே தண்ணீர் வந்து சேர்கிறது. மூன்று கிலோ குழந்தை என்றால் சுமார் 75 முதல் 90 மில்லி, ஒரு டீக்கடை கிளாஸ் அளவு. அந்தத் திரவம் உள்ளிருந்து அழுத்தி விரித்துக்கொண்டே இருப்பதால்தான் நுரையீரல் சரியாக வளர்கிறது. இந்த நிலையில் அதன் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்தால்) சுமார் 1.04 முதல் 1.05. தண்ணீரைவிடக் கனம், ஆகவே மூழ்கும்.

பிரசவ வலி எடுத்ததும் குழந்தையின் உடம்பில் அட்ரினலின் பொங்குகிறது. அதே செல்கள் இப்போது திசையை மாற்றிக்கொள்கின்றன! குளோரைடை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவை, சோடியத்தை வெளியே இழுக்க ஆரம்பிக்கின்றன. சோடியம் போகும் வழியில் தண்ணீரும் போகும். பத்து மாதம் நீர் இறைத்துக் கொட்டிய பம்பு, சில மணி நேரத்தில் நீரை வெளியேற்றும் பம்பாகிறது. எனக்குத் தெரிந்து உடம்பு செய்யும் வேலைகளில் இவ்வளவு அழகான தலைகீழ் மாற்றம் வேறில்லை. வலி வருவதற்கு முன்பே சிசேரியனில் எடுத்த குழந்தைகள் சிலவற்றுக்கு முதல் நாள் மூச்சு வாங்குவதற்கு ஒரு காரணம், பம்பு திசை திரும்ப நேரம் கிடைக்காததுதான்.

அப்புறம் முதல் மூச்சு. காற்று பாய்ந்து மீதித் திரவத்தை ஓரம் தள்ளுகிறது. ஈரமான நுண்ணறைகள் நனைந்த பிளாஸ்டிக் பை போல மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டியவை. ஒட்டாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள். சோப்பு போல நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறிச் சாவது இது போதாததால் என்று மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1959-ல் காட்டினார்கள். ஒருமுறை நன்றாக மூச்சு விட்ட நுரையீரலிலிருந்து முழுக் காற்றையும் பிழிந்து எடுக்க முடியாது, கொஞ்சம் தங்கிவிடும். ஒப்படர்த்தி சுமார் 0.94-க்கு இறங்குகிறது. மிதக்கிறது. இதுவரை எல்லாம் சுத்தமான இயற்பியல்.

இப்போது மாவுக்குத் திரும்புவோம். அரைத்த மாவு மிதப்பது நாம் புகுத்திய காற்றால். ராத்திரி முழுக்க வைத்த இட்லி மாவும் மிதக்கும், ஆனால் அது நுண்ணுயிர்கள் விட்ட வாயுவால். தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். சவுத் கரோலினாவின் ஜூலை வெயிலில் இரண்டு நாள் கிடந்த உடலுக்குள் பாக்டீரியாக்கள் சும்மா இருக்குமா? செத்துப் பிறந்த குழந்தையின் நுரையீரலும் மிதக்கும். இதற்கு ஒரு மாற்றும் சொன்னார்கள்: நுரையீரலைத் துண்டு துண்டாக நறுக்கி அழுத்திப் பிழி, அழுகல் வாயு வெளியேறிவிடும், மூச்சுக் காற்று தங்கும். ஓரளவு வேலை செய்யும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது டாக்டரின் விரலைப் பொறுத்தது.

எதிர்த்திசையிலும் தவறும். சர்ஃபாக்டன்ட் இல்லாத குறைமாதக் குழந்தை மூச்சு விட்டிருந்தாலும் நுரையீரல் மூழ்கலாம். பதறிப்போன தாய் பேச்சுமூச்சில்லாத குழந்தையின் வாயில் ஊதிப் பார்த்திருந்தால்? மிதக்கும். காப்பாற்றப் பார்த்ததே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் இதையெல்லாம் யோசித்து எழுதிய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1783-ல் வாசிக்கப்பட்டது. தலை வெளியே வந்ததுமே குழந்தை மூச்சு விட்டு, முழுதாகப் பிறப்பதற்குள் இறந்துவிடலாம் என்றும் அதில் சொன்னார். எட்ஜ்ஃபீல்டில் ஜூரி கூடுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எச்சரிக்கை அச்சில் இருந்தது என்று அர்த்தம்.

சோதனை இன்னும் சாகவில்லை. நம் தடயவியல் பாடநூல்களில் இருக்கிறது, அமெரிக்க நீதிமன்றங்களில் இந்த நூற்றாண்டிலும் சாட்சியாக வந்திருக்கிறது. 2013-ல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்று சுமார் 98 சதவீதம் சரி என்றது. நல்ல எண்தான், ஆனால் கிணற்றில் இரண்டு நாள் ஊறிய உடலுக்கும் அதே எண் பொருந்தும் என்று நினைப்பவரோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சோதனைகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கப் பணம் ஒதுக்குவதில் எந்த நாட்டு அரசுக்கும் ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை. நாள் நட்சத்திரம் பார்ப்பதை மூடநம்பிக்கை என்கிறோம். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வாளியைப் பார்த்தால் மட்டும் அது வேறு பெயரில் நடக்கிறது.

வாளியே தேவைப்படாத வழக்குகளும் இருந்தன. தெற்கத்தி ஆவணங்களில் அடிமைக் குழந்தைகள் தூக்கத்தில் இறந்தால், தாய் புரண்டு படுத்து நசுக்கிவிட்டாள் என்று எழுதிவிடுவார்கள். கவனமில்லாதவள், சில சமயம் கொலைகாரி என்றும் பேச்சு. 1975-ல் டாட் சாவிட், 1981-ல் மைக்கேல் ஜான்சன் என்ற இரு வரலாற்றாளர்கள் அந்தச் சாவுகளின் வயதையும் மாதத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். இறந்தவை பெரும்பாலும் சில மாதக் குழந்தைகள், அதுவும் குளிர்காலத்தில் அதிகம். உடம்பு பெரிய தாய் சின்னக் குழந்தையை நசுக்குவதுதான் காரணம் என்றால், பிறந்த முதல் வாரத்தில்தானே அதிகம் சாக வேண்டும்? இன்றைய டாக்டர்கள் திடீர்ச் சிசு மரணம் என்று சொல்வதன் வரைபடமும் இதே வடிவம்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பருத்திக் காட்டில் முதுகொடிய வேலை வாங்கியது இதைக் கூட்டியிருக்கும் என்றார் ஜான்சன்.

1994-ல் அமெரிக்காவில் "குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பிரசாரம் ஆரம்பித்தார்கள். அந்த வகைச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. தாய்மார்கள் தூக்கத்தில் புரள்வது மட்டும் முன்பு போலத்தான் இருக்கிறது.